பதினொன்றாம் வகுப்பின் முதல் நூறு நாட்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பதினொன்றாம் வகுப்பறைக்குள் நுழைந்தால் ஒரு வித்தியாசமான அமைதி இருக்கும். மற்ற வகுப்புகளில் விடுமுறைக் கதைகள் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே பிள்ளைகள் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். படவேட்டைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் உயர்நிலைப் பள்ளிகளிலிருந்து சிலர் வந்திருப்பார்கள். ஜவ்வாது மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி, விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கிப் படிக்க வந்தவர்கள் சிலர். எல்லோரும் பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர்கள். பலர் தங்கள் ஊரில் நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள். அந்தப் பெருமையும் புதுப் பள்ளியின் பயமும் ஒன்றாக அவர்கள் முகத்தில் தெரியும்.

முதுகலை இயற்பியல் ஆசிரியராக இந்த வகுப்புக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுத்து வருகிறேன். பிளஸ் ஒன் மாணவர்களுக்கு என்ன அறிவுரை சொல்வது என்று சக ஆசிரியர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாணவியின் நினைவு வரும். என் தவறோடு சேர்ந்த நினைவு அது. அதைச் சொல்லிவிட்டே மற்றவற்றுக்குப் போகிறேன்.

ஒரு கேள்வி

நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில், மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் உள்ள பிரிவில் சேர்ந்தாள் அந்த மாணவி. பத்தாம் வகுப்பில் 500க்கு 430க்கு மேல் வாங்கியிருந்தாள். ஜூலையில் நடந்த முதல் அலகுத் தேர்வில் இயற்பியலில் அவள் பெற்றது 50க்கு 11. நான் கரும்பலகையில் எழுதியதை வரி மாறாமல் எழுதியிருந்தாள். எண்களை மாற்றிக் கேட்ட கணக்குகளை மட்டும் தொடவே இல்லை. சிவப்பு மையில் "கவனம் தேவை" என்று எழுதித் தாளைக் கொடுத்தேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அதே இரண்டு சொற்களைத்தான் எழுதியிருந்தேன்.

ஆடி மாதம் வந்தது. ஆடி வெள்ளிகளில் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு வரும் கூட்டத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நாட்களில் வருகைப்பதிவு எப்போதும் குறையும். பூக்கடை, தேங்காய்க்கடை, பார்க்கிங் என்று பிள்ளைகளுக்கு ஏதாவது வேலை இருக்கும். அவளும் அப்படித்தான் வரவில்லை என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்து விசாரித்தபோது அம்மாவுடன் வாழைத்தோட்ட வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "எனக்கு வராது சார்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட அவளிடமிருந்து வாங்க முடியவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். என்னைக் கண்டு ஒதுங்காமல் நின்று வணக்கம் சொன்னாள். பேச்சுக்கு நடுவே தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "சார், அந்த வெக்டர் பாடம் இருந்துச்சே, அது அப்புறமா மத்தவங்களுக்குப் புரியுற மாதிரி வந்துச்சா?"

வந்தது என்பதுதான் உண்மை. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு கணித ஆசிரியர் வெக்டர் இயற்கணிதம் நடத்தினார். அதன் பிறகு பலருக்கு இயற்பியல் கணக்குகள் பிடிபட்டன. அவள் அதற்குள் போய்விட்டாள். "கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், இது எல்லோருக்கும் ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும்" என்று ஜூன் மாதத்தில் யாரும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

எங்கே இடறுகிறார்கள்?

இது ஒரு பிள்ளையின் திறமைக் குறைவு அல்ல. பத்தாம் வகுப்புக்கும் பதினொன்றுக்கும் இடையே உள்ள படி உண்மையிலேயே உயரமானது. பத்தாம் வகுப்பில் அறிவியல் என்பது ஒரே புத்தகம். பதினொன்றில் அதே அறிவியல் தனித்தனிப் பாடங்களாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் இரண்டு தொகுதிகளாக வருகிறது. ஐந்து பாடம், 500 மதிப்பெண் என்பது ஆறு பாடம், 600 மதிப்பெண் ஆகிறது. வணிகவியல் பிரிவுக்குப் போகும் மாணவருக்குக் கணக்குப்பதிவியல் முற்றிலும் புதிது. வீட்டில் கடன் என்றும் வரவு என்றும் பேசிப் பழகிய பிள்ளைக்குப் பேரேட்டின் பற்றும் வரவும் தலைகீழாகத் தெரியும்.

இன்னொரு சிக்கலை ஒவ்வோர் ஆசிரியரும் தனித்தனியாகத் தம் பாடத்தை மட்டும் பார்ப்பதால் கவனிக்காமல் விடுகிறோம். இயற்பியலில் இரண்டாம் அலகு இயக்கவியல். அதிலேயே வெக்டரும் வகை நுண்கணிதமும் தேவைப்படுகின்றன. ஆனால் கணிதப் புத்தகத்தில் இவை இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. கணித ஆசிரியர் கணங்கள், சார்புகள், முக்கோணவியல் என்று வரிசையாக வரும்போது, இயற்பியல் ஆசிரியர் பல மாதம் முன்பே அந்தக் கருவிகளைக் கையில் எடுத்துவிடுகிறார். இயற்பியல் புத்தகத்தில் அவற்றுக்கு அறிமுகம் உண்டு. அதை ஓரிரு பாடவேளைகளில் ஓட்டிவிட்டால் மாணவர் கையில் எதுவும் நிற்காது. புத்தகங்களின் வரிசையால் வரும் இடறலைத் தன் மூளையின் குறை என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

இந்த வயதில் இப்படி ஒரு ஏற்றம் இருப்பது நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்திலும் இலங்கையிலும் உயர்தர வகுப்புக்குப் போகும் மாணவர்கள் பெரும்பாலும் மூன்று முக்கியப் பாடங்களை ஆழமாகப் படிக்கிறார்கள். 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய பன்னாட்டு பட்டயத் திட்டத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு பாடங்கள். எங்கும் பதினாறு வயதில்தான் இந்த ஏற்றம். நம் தமிழ்நாட்டில் 1978-க்கு முன்பு இது கல்லூரியில் பி.யு.சி. என்ற ஓராண்டுப் படிப்பாக இருந்தது. கிராமத்திலிருந்து போன எத்தனையோ பேர் அந்த ஓராண்டைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள் என்று எங்கள் ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். மேல்நிலை வகுப்புகள் பள்ளிக்கு வந்ததால் அந்த ஏற்றம் பிள்ளையின் ஊருக்கு அருகில் வந்தது. அதில் ஏறக் கைகொடுக்கும் பொறுப்பும் கூடவே நம்மிடம் வந்தது.

இப்போது ஏன் கூடுதல் கவனம்?

பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தும் பழக்கம் பரவியதால்தான் 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்டில் வெளியானதை அடுத்து, 2025-26 முதல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது. மாணவர்களின் தலையிலிருந்து ஒரு சுமை இறங்கியிருக்கிறது. அதே சமயம் பழைய பழக்கம் திரும்பி வர வழியும் திறந்திருக்கிறது. "பதினொன்னுக்குத்தான் பப்ளிக் இல்லையே" என்ற பேச்சை மாணவர்களிடமும் பெற்றோரிடமும் கேட்கிறேன்.

அவர்களுக்கு நான் சொல்லும் பதில் எளிமையானது. நீட், ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளின் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்புப் பகுதிகளும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் மின்னூட்டங்களின் விசையைக் கணக்கிட, பதினொன்றில் படித்த வெக்டர் வேண்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அந்தக் கதவு வழியே போன பிறகு முதலாண்டுப் பாடத்தில் நிற்க, பதினொன்றின் அடித்தளம் வேண்டும். தேர்வு போனதால் அந்த ஆண்டின் பாடம் போய்விடவில்லை. அதைக் காக்க இனி நம் வகுப்பறை மட்டுமே இருக்கிறது.

முதல் வாரம்: உண்மையைச் சொல்லுங்கள்

இப்போது நான் முதல் வகுப்பில் பாடம் எடுப்பதில்லை. மூன்று செய்திகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று: "உங்கள் முதல் தேர்வு மதிப்பெண் பத்தாம் வகுப்பை விடக் குறையும். பெரும்பாலோருக்குக் குறையும். உங்களுக்கு மூளை குறைந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. பாடம் கூடிவிட்டது என்று அர்த்தம்."

இரண்டு: "சில பகுதிகள் முதல் முறை புரியாது. அவற்றில் சில கணிதம் நடத்திய பிறகுதான் தெளியும். எவையெவை என்று நானே சொல்கிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்."

மூன்று: "புரியவில்லை என்று சொல்வதற்கு இந்த வகுப்பில் யாரும் திட்ட மாட்டார்கள்." இதைச் சொல்வதோடு நிற்காமல் காப்பாற்றவும் வேண்டும். முதல் மாதத்தில் ஒரு பிள்ளையின் கேள்விக்கு நாம் சலித்துக்கொண்டால், அந்த ஆண்டு முழுவதும் வேறு கேள்வி வராது.

முடிந்தால் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் இருவரை அழைத்து, தங்கள் முதல் அலகுத் தேர்வு மதிப்பெண்ணைச் சொல்லச் சொல்லுங்கள். நாம் ஒரு மணி நேரம் பேசினாலும் வராத தைரியம், "எனக்கு 14தான் வந்துச்சு" என்று ஓர் அக்காவோ அண்ணனோ சொல்லும்போது வரும்.

இரண்டு வாரப் பாலம்

எங்கள் பள்ளியில் கணித ஆசிரியரும் நானும் ஜூன் மாதத்தில் சில பாடவேளைகளைப் பொதுவாக ஒதுக்கிக்கொண்டோம். அலகுகளை மாற்றுதல், வரைபடம் வாசித்தல், எளிய முக்கோணவியல், வெக்டர், மாறுவீதம் ஆகிய ஐந்து மட்டும். புத்தகத்தை முடிக்க நேரம் போதாதே என்று முதலில் எனக்கும் தயக்கம் இருந்தது. அங்கே செலவான நேரம் பின்னால் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது.

வெக்டரைக் கயிற்றிலிருந்து தொடங்குகிறேன். புத்தகப் பை ஒன்றில் இரண்டு கயிறு கட்டி, இரண்டு மாணவர்களைத் தூக்கச் சொல்வேன். அருகருகே நின்றால் சுலபம். ஒருவரை விட்டு ஒருவர் விலக விலகக் கை வலிக்கும். வாழைத்தாரைச் சேர்ந்து தூக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இது தெரிந்த சங்கதிதான். பிறகு அம்புக்குறி போட்டுக் கணக்கிடுவோம். 20 கிலோ தாரை இருவர் கயிற்றை நேர் மேலாகப் பிடித்துத் தூக்கினால் ஆளுக்கு 10 கிலோ பாரம். கயிறுகள் செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்ந்தால், ஒவ்வொருவர் கையிலும் முழு 20 கிலோ பாரம் விழும். "ஒரே தாரு, எப்படி சார் ரெண்டு பேருக்கும் முழுசா வரும்?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாடம் உள்ளே போய்விட்டது.

மாறுவீதத்துக்குப் பேருந்து போதும். படவேட்டிலிருந்து போளூர் போய்ச் சேர்ந்த மொத்தத் தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். ஓட்டுநருக்கு முன்னால் உள்ள முள் காட்டுவது இந்த நொடியின் வேகம். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கடைசி ஒரு நிமிடத்தில் போன தூரம், கடைசி பத்து நொடியில் போன தூரம், கடைசி ஒரு நொடியில் போன தூரம் என்று நேரத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் வகை நுண்கணிதத்தின் வாசலில் நிற்கிறோம்.

அளவீட்டியலில் இடமாறு தோற்ற முறை வரும்போது ஜவ்வாது மலையையே காட்டலாம். காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர். கட்டைவிரலை நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கும் பிள்ளையிடம், விண்மீன்களின் தொலைவை அளக்கவும் இதே வழிதான் அடிப்படை என்று சொல்லிப் பாருங்கள். தன் ஊர் மலையில் இயற்பியல் நடக்கிறது என்பது அதற்குப் புதிய செய்தியாக இருக்கும்.

மூடி எழுதும் பழக்கம்

பத்தாம் வகுப்பில் திரும்பத் திரும்ப வாசித்தே பலர் கரையேறியிருப்பார்கள். பதினொன்றில் அந்த முறை கைவிட்டுவிடும். ரோடிகர், கார்பிக்கே என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியை மாணவர்களில் ஒரு பிரிவினர் மறுபடியும் வாசித்தார்கள். இன்னொரு பிரிவினர் அதைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி வாசித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். படிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பதும் உண்மையில் தெரிந்திருப்பதும் வேறு என்பதை நம் மாணவர்களுக்கு இதை விட நன்றாக விளக்க முடியாது.

இதை வகுப்பில் செய்யச் செலவு இல்லை. பாடவேளையின் கடைசி ஏழு நிமிடம் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்று படித்ததை மூன்று வரியில் சொந்தச் சொற்களில் எழுதட்டும். நான்காவது வரியில் புரியாத ஒன்றை எழுதட்டும். மதிப்பெண் போட வேண்டாம். அந்த நான்காவது வரிகளை வாசித்தாலே மறுநாள் எங்கே தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அவர்களால் முடிகிற கால அட்டவணை

"தினமும் ஆறு மணி நேரம் படி" என்பது தோட்ட வேலைக்கும் தண்ணீர் எடுக்கவும் போகிற பிள்ளையிடம் சொல்லக்கூடிய அறிவுரை அல்ல. முடியாத அட்டவணை மூன்றாம் நாளே குற்ற உணர்வாக மாறிவிடும். நான் சொல்வது இவ்வளவுதான்: மாலையில் முக்கால் மணி நேரம், காலையில் முக்கால் மணி நேரம். மாலையில் அன்று நடந்த பாடத்தை மூடி எழுதிப் பார்ப்பது. காலையில் கணக்குகள் போடுவது. ஞாயிறு முற்பகல் அந்த வாரம் விட்டுப்போனதற்கு. ஆடி வெள்ளியில் வர முடியாமல் போனால், திங்களன்று என்னிடம் வந்து விட்டதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வராததற்கு நான் கோபித்துக்கொள்வதில்லை. விட்ட பாடம் இரண்டு வாரம் சேர்ந்துவிடாமல் பார்ப்பதுதான் முக்கியம்.

தமிழ்வழி மாணவர்கள் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கலைச்சொல் நோட்டு வைக்கட்டும். முடுக்கம் என்று எழுதி, பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல், அடுத்து ஓர் எடுத்துக்காட்டு. நாளுக்கு ஐந்து சொல் போதும். கருத்தைத் தமிழில் புரிந்துகொண்டவருக்குக் கல்லூரியில் மாற வேண்டியது சொல் மட்டுமே.

தவறான பிரிவில் சேர்ந்துவிட்டதாகத் தோன்றும் பிள்ளையிடம் ஆரம்ப வாரங்களிலேயே பேசிவிடுங்கள். நண்பன் சேர்ந்தான், மாமா சொன்னார் என்று பிரிவு எடுத்தவர்கள் உண்டு. பிரிவை மாற்றுவது தோல்வி அல்ல என்று பெற்றோரிடமும் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் முதல் தேர்வு மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையும் "நீ வேற குரூப் போ" என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த மதிப்பெண் எதனால் வந்தது என்று முன்பே பார்த்தோம்.

மற்ற வகுப்பு ஆசிரியர்களுக்கு

தொடக்கப் பள்ளியிலும் நடுநிலையிலும் பணியாற்றும் நண்பர்கள் இது தங்களுக்கு இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு பத்தியை வாசித்துத் தன் சொற்களில் சொல்வது, எண்ணோடு அலகையும் எழுதுவது, தெரியாததைத் தெரியாது என்று கேட்பது ஆகிய மூன்றையும் பதினொன்றில் புதிதாகக் கற்றுத்தருவது மிகவும் கடினம். மூன்றாம் வகுப்பில் அவற்றோடு வளர்ந்த பிள்ளை எங்களிடம் வரும்போது தனியாகத் தெரியும். பத்தாம் வகுப்பு ஆசிரியர்கள் மாற்றுச் சான்றிதழ் தரும் நாளில் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாலும் உதவி: "அங்கே முதலில் கஷ்டமாக இருக்கும், விட்டுவிடாதே."

முதல் விடைத்தாள்

இப்போது முதல் அலகுத் தேர்வுத் தாளில் "கவனம் தேவை" என்று எழுதுவதை விட்டுவிட்டேன். சரியாகச் செய்த ஒன்றையும் அடுத்துச் செய்ய வேண்டிய ஒன்றையும் எழுதுகிறேன். "படம் சரியாக வரைந்திருக்கிறாய். அலகுகளை மாற்றும் இடத்தில் தவறு. வியாழன் மதியம் வா, சேர்ந்து மூன்று கணக்குப் போடுவோம்." நாற்பது தாளுக்கு இப்படி எழுத ஒரு மாலை ஆகிறது. குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களுக்குத் தாளை எல்லோர் முன்னாலும் மதிப்பெண் சொல்லிக் கொடுப்பதில்லை.

வருகையை எமிஸ் செயலியில் தினமும் பதிவு செய்கிறோம். பதிவு செய்வதோடு நம் வேலை முடிவதில்லை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஒரு பதினொன்றாம் வகுப்பு மாணவர் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், நான்காம் நாள் வீட்டுக்கு அழைத்துப் பேசுவது என்று எங்கள் பள்ளி ஆசிரியர்கள் முடிவு செய்திருக்கிறோம். மூன்று வாரம் கழித்துப் போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்று பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண்ணின் கேள்விக்கு, "வந்துச்சும்மா, கொஞ்ச நாளில் எல்லாருக்கும் புரிஞ்சுது" என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். தனித்தேர்வராக எழுதலாம் என்றும், நான் உதவுகிறேன் என்றும் சொன்னேன். "பாக்கலாம் சார்" என்றாள். பேருந்து வந்துவிட்டது. நான் அன்று சொன்ன பதிலை இப்போது ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.